லிஃப்ட் இல்லாத வீடு

ஜூலை 3

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துவிட்டோம். நானும் இவளும் மகள் வாலுவும் முழுசாக இருக்கிறோம், பெட்டிகளும் அப்படியே. நீ நலமா என்று கேட்க ஆசைதான். ஆனால் உன் பதில் என் கைக்கு வருவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும், அந்த நலம் ஆறிப்போயிருக்கும். இதற்கெல்லாம் யார் காரணம்? என் போனைப் பிடுங்கி உன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிய மகராசி நீதான். இவளிடம் ஒரு போன் இருக்கிறது. அது படம் எடுக்க மட்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு, விமானம் ஏறும்முன் என்னிடம் வாக்கும் வாங்கிவிட்டீர்கள். நான் கடைசியாகக் காகிதத்தில் எழுதி அனுப்பியது பள்ளிக்கூடத்து லீவு லெட்டர். அதையும் நீதான் எழுதிக் கொடுத்தாய்.

விமான நிலையத்தில் ஒரு சின்னக் கலாட்டா. இவள் சொன்னால் பெரிதாக்கிச் சொல்வாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு கண்ணாடி லிஃப்ட். கயிறு, மறுபக்கம் ஏறி இறங்குகிற எதிர் எடை, கதவு மோட்டார் எல்லாம் வெளியே தெரிகிறது. நின்று பார்த்தேன். ஏறிப் பார்த்தேன். கதவு மூடும்போது சத்தமே இல்லை, அக்கா. அதை நம்ப முடியாமல் இன்னொரு தடவை ஏறினேன். இதற்குள் இவளும் வாலுவும் பெட்டி எடுக்கிற இடத்தில் என்னைத் தேடி, ஒலிபெருக்கியில் என் பெயரைக் கடித்துத் துப்பிக் கூப்பிட வைத்துவிட்டார்கள். கடைசியில் வாலுதான் கண்டுபிடித்தாள். “அப்பா ஒண்ணும் காணாமப் போகலம்மா. அதோ மேல போறாரு பாரு.”

வீடு நீ சொன்ன மாதிரிதான். ஒரே தளம், வாசலில் படிகூட இல்லை. முன் ஜன்னலைத் திறந்தால் கடல். பின் ஜன்னலைத் திறந்தால் என்ன என்று மட்டும் நீ சொல்லவில்லை. லிஃப்ட்! இந்த ஊர் இரண்டு தட்டாக இருக்கிறது. கீழே நாங்கள், பாறைக்கு மேலே கடைத்தெருவும் பஸ் நிலையமும். நடுவில் ஒரு கோபுரம் கட்டி, ஊர் முழுவதற்கும் பொதுவாக ஒரு லிஃப்ட் விட்டிருக்கிறார்கள். கோபுரத்துக்கும் எங்கள் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வீட்டுக்கார அம்மா சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பெருமையாகச் சுட்டிக்காட்டினாள். நீ கேட்டாய் என்றுதான் இந்த வீட்டையே கொடுத்தாளாம்.

தூக்கமா? அதைக் கேட்காதே. ஒவ்வொரு தடவை அது நிற்கும்போதும் பிரேக் விழுகிற சத்தம் கேட்கிறது. கூடவே கதவுப் பூட்டில் ஒரு சின்ன உரசல். இந்த ஊரில் யாருக்கும் காது இல்லை போலிருக்கிறது.

நாங்கள் கிளம்பிய அன்று வங்கி மாடியில் மூன்றாம் தளத்து லிஃப்ட் கதவு சிக்குகிறது என்று போன் வந்ததே, அதற்கு நிதானத்தை அனுப்பாதே. அவருக்கு அந்தப் பேரை நாம் சும்மா வைக்கவில்லை. இத்தனை வருஷமாக நம்மிடம் மெக்கானிக்காக இருக்கிறார், இன்னும் ஒரு திருகாணியைக் கழற்றும்முன் அதனிடம் உத்தரவு கேட்கிறார். நான் சொல்கிறபடி வெளியாள் யாரையாவது வைத்து ரோலரை மட்டும் மாற்றச் சொல். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் அன்புத் தம்பி


ஜூலை 10

என் அருமைத் தம்பிக்கு,

ஆறிப்போன நலத்தைச் சூடுபண்ணி அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள். நானும் உன் அத்தானும் சௌக்கியம். அவர் தினமும் மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிடுகிறார். நீ இல்லாமல் இடம் அமைதியாக இருக்கிறதாம். நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

உன் பின் ஜன்னல் விஷயத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அம்மாவிடம் ஒரு தடவைக்கு மூன்று தடவை “லிஃப்ட் இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா” என்று எழுதிக் கேட்டது நான்தான். இருந்தால் வேறு வீடு பார்க்கலாம் என்று கேட்டேன். அவள் பாவம், இந்தக் குடும்பத்தில் யாருக்கோ முட்டி வலி, படி ஏற முடியாது என்று நினைத்துவிட்டாள். “வீட்டில் லிஃப்ட் கிடையாது, ஆனால் கவலைப்படாதீர்கள்” என்று பதில் போட்டிருந்தாள். எதற்குக் கவலைப்படக்கூடாது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். உலகத்திலேயே லிஃப்ட் இல்லாத வீட்டைத் தேடி லிஃப்டின் மடியில் போய் உட்கார்ந்த ஒரே குடும்பம் நம்முடையதுதான்.

வங்கி மாடிக் கதவு உன் கடிதம் வருவதற்கு முன்பே சரியாகிவிட்டது. நிதானம்தான் போனார். முதலில் காவலாளியின் மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரித்தாராம். அப்புறம் ரோலரை மாற்றினாராம். இப்போது சிக்கவில்லை. நீ எழுதுகிற உத்தரவெல்லாம் இங்கே வந்து சேரும்போது வேலை முடிந்திருக்கும். அதனால் உத்தரவு எழுதாமல் கடலைப் பற்றி எழுது.

தம்பி, நீ அங்கே ஏன் இருக்கிறாய் என்பதை அதற்குள் மறந்துவிட்டாய். துணிக்கடைக் கட்டிடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி வேலை செய்தவன், செய்துகொண்டிருந்தபடியே தூங்கிப்போனாய். நிறுத்துகிற பொத்தானை அழுத்தக்கூட மறந்திருந்தாய். தற்செயலாக அங்கே வந்த நான் மேல்தளத்துக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். உன் ஒரு கை பெட்டிக்கு வெளியே, எதிர் எடை இறங்குகிற பாதையில் தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் சாய்வாயோ என்று பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு மெயின் சுவிட்சை அணைக்க ஓடினேன். அந்த ஓட்டம் எனக்கு இன்னும் நிற்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கைதான் தெரிகிறது.

டாக்டர் சொன்னதையும் ஞாபகப்படுத்துகிறேன். தூக்கம் மாத்திரையில் வராது, இந்த ஆளைப் போன் அடிக்காத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். ஆகையால் நம் பேச்சு பேச்சுதான். மெஷின் ரூம் சாவிக்கொத்து என் இடுப்பில் இருக்கிறது. நீ ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று உன் மனைவி சொன்னால் சாவி உனக்கு. இல்லாவிட்டால் என் எதிரே உட்கார்ந்து நீயும் போன் எடு. லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்ட் பக்கம் உன்னை விடமாட்டேன். இந்தத் தொழிலில் பாதி என்னுடையது, கத்தினாலும் பயனில்லை.

வாலுவுக்கு அத்தையின் முத்தம்.

அக்கா


ஜூலை 17

அன்புள்ள சாவிக்காரிக்கு,

கடலைப் பற்றி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். பெரிதாக இருக்கிறது, நீலமாக இருக்கிறது, போய்ப் போய்த் திரும்பி வருகிறது. இதற்குமேல் அதைப் பற்றி எனக்குத் தெரியாது. வாலுவைக் கேட்டால் நாலு பக்கம் சொல்வாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தனக்கு நீச்சல் தெரியும் என்று சாதிக்கிறாள்.

இவள் இங்கே வேறு ஆளாகிவிட்டாள். பள்ளிக்கூடத்து மணி அடிக்காத இடத்தில் ஒரு கணக்கு டீச்சரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கடிகாரத்தைக் கழற்றிச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். பெரிய தொப்பி ஒன்று வாங்கியிருக்கிறாள், அதைப் போட்டுக்கொண்டு தெருவில் எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறாள். சிரிக்கும்போது இடது கன்னத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. அது முன்பே இருந்ததா என்று கேட்டேன். ஒரு முறை முறைத்தாள் பார், கடல் கொஞ்சம் பின்வாங்கியது.

ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. வாலு என்னிடம் எதைக் கேட்பதற்கு முன்பும், “அப்பா, வேலையா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கேட்கிறாள். மணலில் மல்லாந்து கிடக்கிறேன், கையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் வந்து குனிந்து அதையே கேட்கிறாள். “இல்ல, சொல்லும்மா” என்றால், “பரவால்ல, அப்புறம் சொல்றேன்” என்று ஓடிவிடுகிறாள். நான் வேலையாகத்தான் இருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மல்லாந்து படுத்துக்கொண்டு பின்பக்க லிஃப்ட் எத்தனை பேரை ஏற்றுகிறது என்று சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த லிஃப்டுக்கு ஒரு மெக்கானிக் அம்மா வருகிறாள். வந்ததும் கருவிப் பெட்டியைத் தரையில் வைப்பாள். அதன்மேல் உட்காருவாள். பிளாஸ்கைத் திறந்து ஏதோ ஊற்றிக் குடித்து, மூடியைத் துடைத்து, திருகி மூடிவிட்டுத்தான் வேலையைப் பார்ப்பாள். நம் நிதானத்துக்கு உடன்பிறந்தவளாக இருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் நேற்று அவளிடம் போய், கதவுப் பூட்டு உரசுகிறது என்று சைகையில் சொன்னேன். காதைக் காட்டினேன், பூட்டைக் காட்டினேன். அவள் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, என்னைக் காட்டினாள், கடலைக் காட்டினாள், நீந்துகிற மாதிரி இரண்டு கையையும் வீசினாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

மதியம் சாப்பிட்டபின் கண்ணை மூடிப் பார்த்தேன். தூங்கவில்லை. ஆனால் மூடியிருந்தேன். இதை உன் தீர்ப்பில் சேர்த்துக்கொள்.

உத்தரவு இல்லை, ஒரே ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அதை யாரும் தொடக்கூடாது. நான் வரும்வரை அந்த லிஃப்டை நிறுத்தி வைத்தாலும் சரி. கயிறு மாற்றுவது கதவு ரோலர் மாற்றுகிற வேலை இல்லை என்று உனக்கே தெரியும். அப்புறம், நீ ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பதாக அத்தான் இவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதினாராமே. எனக்கு மட்டும்தான் டாக்டரா?

தம்பி


ஜூலை 23

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். தொப்பிக் கதையை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். உன் கையெழுத்துகூட இந்தத் தடவை கொஞ்சம் ஆற அமர இருக்கிறது. மதியம் மூடிய கண்ணை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. மூடினால் போதாது, உள்ளே ஆள் இருக்கக்கூடாது.

வாலு கேட்கிற கேள்வியைப் பற்றி எழுதியிருந்தாய். குழந்தைமேல் தப்பில்லை. போன வருஷம் அவள் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றபோது, நீ முன்வரிசையிலிருந்து எழுந்து போன் பேசிக்கொண்டே வெளியே போனாய். மரம் தலையைத் திருப்பி உன்னைப் பார்த்தது. எனக்கு இன்னும் அது கண்ணில் நிற்கிறது. விடு, இப்போது நீ அங்கே இருக்கிறாய். அவள் அப்புறம் சொல்கிறேன் என்றால், அந்த அப்புறம் வரும்வரை அங்கேயே கிட.

இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது. நிதானத்துக்கு மட்டும் முதுகில் பிடித்துக்கொண்டது. கயிற்றுச் சுருளைத் தூக்க நானும் கை கொடுக்கிறேன் என்றேன், கேட்கவில்லை மனுஷன்.

கயிறு என்று கை தவறி எழுதிவிட்டேன். அடித்தால் உனக்கு இன்னும் சந்தேகம் வரும், அதனால் அப்படியே விடுகிறேன். ஆமாம், பன்னிரண்டு மாடியில் கயிறு மாற்றிக்கொண்டிருக்கிறோம். உன் வேண்டுகோள் வருவதற்கு முன்பே ஆரம்பித்தாயிற்று. ஒன்பதாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கிறாரே, அவர் போன் பண்ணி, “நீங்க லிஃப்டை நிறுத்தினா நான் வாசலைப் பாக்கறது எப்பம்மா?” என்று கேட்டார். அவரிடம் என் தம்பி கடலில் குளித்துக்கொண்டிருக்கிறான், வரட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிதானத்தோடு இன்னொரு கம்பெனியிலிருந்து அனுபவப்பட்ட இரண்டு பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறேன். மெதுவாகத்தான் நடக்கிறது. மெதுவாக நடக்கட்டும்.

நீ பதறுவாய் என்று தெரியும். பதறாதே.

அக்கா


ஜூலை 29

அக்கா,

பதறாதே என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? பன்னிரண்டு மாடி, அக்கா. ஒரு பக்கம் பெட்டி, ஒரு பக்கம் எடை, நடுவில் கயிறு இல்லாமல் நிற்கிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் நான் அங்கே இல்லாமல் யாரும் இதுவரை வேலை செய்ததில்லை. நிதானம் நல்ல மனுஷன். நல்ல மனுஷனாக இருப்பது வேறு.

நான் வருகிறேன். அடுத்த வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி, அன்றைக்கே விமானம். சீட்டு வாங்கிவிட்டேன். இவர்கள் இருவரும் விடுமுறை முடிந்து மெதுவாக வரட்டும்.

இவளிடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், நான் எல்லாப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் என் சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். “போறதுன்னா போங்க. நாங்க இருந்து பாத்துட்டு வர்றோம்.” அவ்வளவுதான். சர்க்கரை டப்பாவிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் துடைத்து, கையில் கட்டிக்கொண்டாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போலிருந்தது.

வாலு எதுவும் கேட்கவில்லை. வேலையா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

சாவியை எடுத்து வை. வந்து பேசிக்கொள்வோம்.

தம்பி


ஆகஸ்ட் 4

தம்பி,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நாளைக்கு நீ கிளம்புகிறாய். இது அங்கே வந்து சேரும்போது நீ இங்கே என் எதிரில் நின்று சாவி கேட்டுக்கொண்டிருப்பாய். ஆகவே இந்தக் கடிதத்தைப் படிக்க ஆள் இருக்காது. அந்தத் தைரியத்தில் மனசு விட்டுத் திட்டப்போகிறேன்.

மடையா. உலகத்தில் லிஃப்டைக் கண்டுபிடித்தவனே நீதான் என்று நினைப்பா? கயிறு மாற்றி முடிந்துவிட்டது. சோதித்துப் பார்த்தாயிற்று, ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயாயிற்று. ஒன்பதாம் மாடிக்காரர் கீழே வந்து, வாசலில் வெயிலில் உட்கார்ந்து, நிதானத்துக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இதைப் பார்க்கத்தான் நீ பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் பறந்து வருகிறாய்.

உன் மனைவிக்கு ஒரு போன் போட்டால் உன்னை நிறுத்தியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் நிறுத்தினால் உன் உடம்பு அங்கே நிற்கும், மனசு பன்னிரண்டாம் மாடிக்கு வந்துவிடும். அப்படி ஒரு ஆளை அந்தப் பெண் இத்தனை வருஷமாகப் பார்த்துவிட்டாள். இன்னொரு மாதம் பார்க்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

நீ வந்தால் சாவி தரமாட்டேன். கத்து, காலைப் பிடி, அத்தானை விட்டுச் சிபாரிசு பண்ணு. அந்தக் கையை நான் இன்னொரு தடவை பார்க்கமாட்டேன். நம் இருவருக்கும் நடுவில் பேச்சு நின்றாலும் நிற்கட்டும். உயிரோடு என்னிடம் பேசாமல் இரு.

இதை எழுதி என்ன பயன் என்று அத்தான் கேட்கிறார். யாருக்குத் தெரியும்? ஒருவேளை இது உன் கைக்கு வந்தால், நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீ கிளம்பவில்லை என்று அர்த்தம். அப்படியானால் மேலே உள்ள திட்டு உனக்கில்லை, கிழித்துப் போடு.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

உன் திட்டு கிடைத்தது. ஒரு சொல் விடாமல் படித்தேன். கிழிக்கவில்லை, இவள் வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டாள். மடையா என்ற இடத்தை மட்டும் வாலுவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை காலையில் கிளம்பத்தான் செய்தேன். இவள் வாசலில் நின்று, “பாத்துப் போங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாலு மட்டும் பஸ் நிலையம் வரை வருகிறேன் என்று பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்டில் ஏறினோம். கூட ஒரு வயதானவர், பெரிய நாய் ஒன்றோடு. கதவு மூடியது. பாதிக் கோபுரம் ஏறியிருப்போம், பிரேக் விழுந்த சத்தம் கேட்டது. நின்றுவிட்டது.

கதவுப் பூட்டுதான். வந்த நாளாக உரசிக்கொண்டிருந்த அதே பூட்டு. அதைத்தானே சொன்னேன், அதைத்தானே சொன்னேன் என்று எனக்குள் ஒருவன் குதித்தான். கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது. வாலு பொறுக்கிப் போட்டிருந்த கிளிஞ்சல்கள்தான் இருந்தன. பெட்டியில் சட்டைகள் இருந்தன. கருவி என்று சொல்ல ஒன்றுமில்லை. அவசர மணியை அழுத்தினேன், யாரோ ஒரு குரல் ஏதோ சொன்னது. அதன்பின் நான் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை.

அக்கா, இந்தத் தொழிலில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். எத்தனை பேரை வெளியே எடுத்திருப்பேன். நான் உள்ளே மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. நான் எப்போதும் வெளியே நிற்கிறவன். படியில் நாலு நாலாகத் தாவி ஏறிப்போய், மூச்சு வாங்க, “பயப்படாதீங்க, வந்துட்டேன், வந்துட்டேன்” என்று கத்துகிறவன். உள்ளே இருப்பவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

வாலு பெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்து, எனக்கும் பக்கத்தில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அவள் கேட்டாள், “அப்பா, வேலையா இருக்கீங்களா?”

“இல்லம்மா. ஒரு வேலையும் இல்ல.”

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். உண்மைதான் என்று முடிவு செய்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன்பின் வாயை மூடவில்லை. சின்ன மீன்கள் காலைக் கடிப்பதில்லை, முகர்ந்துதான் பார்க்கின்றன என்றாள். நீச்சல் தெரியும் என்று சொன்னது பொய், ஒரு கால் தரையில் இருந்தது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். இத்தனை நாளாக அப்புறம் சொல்கிறேன் என்றதெல்லாம் வரிசையாக வந்தது. பிறகு, “இது கீழ விழுந்துடுமா?” என்றாள்.

“விழவே விழாது. அத்தனை கயிறு இருக்கு, அதுல ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாலும் தாங்கும். கயிறே இல்லாட்டிக்கூட அடியில ஒரு பிடி இருக்கு, கப்புன்னு புடிச்சுக்கும்.”

“நீங்க இல்லாட்டியும் புடிச்சுக்குமா?”

“புடிச்சுக்கும்.”

“அப்ப ஏன்ப்பா நீங்க தூங்கவே மாட்டேங்கறீங்க?”

அந்த வயதானவருக்கு நம் மொழி தெரியாது, ஆனாலும் அவரும் என் பதிலுக்குக் காத்திருப்பது போலத்தான் இருந்தது. நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது மேலேயிருந்து அந்த மெக்கானிக் அம்மாவின் குரல் வந்தது. என்ன சொன்னாள் என்று ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் கத்தவில்லை, மூச்சு வாங்கவில்லை. அடுத்த அறையிலிருந்து பேசுகிறவள் மாதிரி பேசினாள். பெரியவர் தோளைத் தளர்த்திக்கொண்டார். நாய் என் ஷூவின்மேல் மோவாயை வைத்தது. மேலே கருவிப் பெட்டியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. சரி, பிளாஸ்கைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நினைத்தது அதுவரைதான் ஞாபகம் இருக்கிறது.

தூங்கிவிட்டேன், அக்கா. லிஃப்டுக்குள், பெட்டிமேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து. நீ எந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பயந்தாயோ, அது கூரைமேல் வந்தது. இது உள்ளே வந்தது. இரண்டும் வேறு வேறு என்று விழித்தபோது என் உடம்புக்கே தெரிந்தது.

கண்ணைத் திறந்தால் கதவு திறந்திருக்கிறது, மேல்தளம், வெயில். வாலு உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எல்லாரையும் அடக்கிக்கொண்டிருக்கிறாள். பெரியவர் இறங்காமல் நிற்கிறார், நாயும் அசையவில்லை. மெக்கானிக் அம்மா வெளியே தன் பெட்டிமேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓர் ஊரின் லிஃப்ட் என் குறட்டைக்காக நின்றிருக்கிறது. அவள் எழுந்து, பிளாஸ்க் மூடியில் ஊற்றி எனக்குக் கொடுத்தாள். டீதான். பஸ் போய்விட்டிருந்தது.

பூட்டை மாற்றும்வரை லிஃப்ட் ஓடாது என்று சைகை காட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி வழியாக இறங்கினோம். இவள் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“பஸ் போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“அடுத்த பஸ்?”

“இருக்கு.” அவள் நகரவில்லை. நான் பெட்டியைக் கீழே வைத்தேன். “எனக்குத் தூக்கம் வருது” என்றேன்.

அவள் விலகி வழிவிட்டாள். அவ்வளவுதான் ஞாபகம். மறுநாள் வெயில் முகத்தில் விழுந்துதான் எழுந்தேன். கடிகாரம் சர்க்கரை டப்பாவுக்குத் திரும்பியிருந்தது. அன்றிலிருந்து தூங்குகிறேன். மதியமும் தூங்குகிறேன். லிஃப்ட் சத்தம் கேட்கிறது, அது ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுக்கிறேன். நேற்று நாங்கள் மூன்று பேரும் கடலில் இறங்கினோம். வாலுவின் அடிவயிற்றில் கையைக் கொடுத்துப் பிடித்திருந்தேன். ஒரு நிமிஷம் கையை எடுத்தேன், அவளுக்குத் தெரியாது. இரண்டு காலும் தரையில் இல்லை.

நிதானத்தின் முதுகு எப்படி இருக்கிறது? முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியது. அவரிடம் நான் சொன்னதாகச் சொல், கயிறு மாற்றியது பெரிய வேலை, என்னால் அப்படி மெதுவாகச் செய்திருக்க முடியாது. நீயும் ஒன்று செய். அந்தக் கையை நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் போன் பக்கத்தில் உட்காராதே. அந்தக் கை இப்போது இங்கே கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. விடுமுறை முடிந்தபின் மூவருமாக வருகிறோம்.

உன் தம்பி


ஆகஸ்ட் 18

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தோடு ஒரே நாளில் உன் மனைவியிடமிருந்து ஒரு அட்டையும் வந்தது. மூன்றே வரி. “தூங்குகிறார். குறட்டை தாங்க முடியவில்லை. சாவியைக் கொடுத்துவிடுங்கள், அண்ணி.” நான் ஆபீஸிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அத்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அப்புறம் அட்டையைப் படித்துவிட்டு அவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் இன்னொரு ஆணி. அதில் நிதானத்துக்கு ஒரு கொத்து. முதுகு தேறிவிட்டது, நீ சொன்னதைச் சொன்னேன். “தம்பியா சொல்லிச்சு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று முழுவதும் வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்தார்.

டிராயரைத் திறந்து உன் போனை எடுத்துப் பார்த்தேன். எப்போதோ தானாக அணைந்து போயிருக்கிறது. இங்கே யாருக்கும் தெரியவே இல்லை. சார்ஜ் போடவா வேண்டாமா என்று யோசித்து, அப்படியே திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். வந்து நீயே முடிவு செய்.

நீங்கள் வந்து இறங்கும்போது விமான நிலையத்துக்கு நிதானம் வண்டி எடுத்து வருவார். சீக்கிரம் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் தாமதமானால் பெட்டிமேல் உட்கார்ந்திருங்கள், உனக்கு இப்போது பழக்கம்தானே. நான் வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் பூட்டியிருக்கும் என்று வங்கி மாடிக்கும் பன்னிரண்டு மாடிக்கும் இப்போதே சொல்லிவிட்டேன். நீங்கள் வந்து கதவைத் தட்டும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். கொஞ்சம் பலமாகத் தட்டுங்கள்.

அக்கா